கீரையும் தழையும்: காட்டுத் தாவரப் பெயர்களில் பயன்பாட்டு அறிவு

வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் தாமே முளைக்கும் செடிகொடிகளை அன்றாட உணவாகவும் எளிய மருந்தாகவும் கொள்வது எவ்வாறு என்பதை விளக்கும் கையேடுகள் தமிழில் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அமைப்புடையவை. தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், பயன்படும் உறுப்பு, தீரும் நோய்கள் என ஐந்து பத்திகளில் செய்தி அடுக்கப்பட்டிருக்கும். இப்பட்டியலை மனப்பாடம் செய்த ஒருவரைக் கொல்லைக்கு அனுப்பி, நண்பகல் சோற்றுக்குக் கீரை பறித்துவரச் சொன்னால் அவர் வெறுங்கையுடன் திரும்பவே வாய்ப்பு மிகுதி. பட்டியல் எதையும் படித்தறியாத ஒரு மூதாட்டி சிறிது நேரத்தில் மடி நிறையக் கொண்டுவந்துவிடுவார். அவருக்கு மட்டும் அந்த அறிவு எங்ஙனம் கிட்டியது என்னும் வினாவுக்கு அனுபவம் என்று விடை கூறுவது எளிது. ஆனால் அனுபவம் தலைமுறை கடந்து வருவதற்கு ஒரு கலம் வேண்டும். அக்கலம் பெரும்பாலும் மொழியே என்பதும், செடியின் பெயரும் அதனைக் கையாளும் வினைச்சொற்களும் சேர்ந்தே ஒரு பயன்பாட்டு இலக்கணமாக இயங்குகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏட்டளவில் நிற்கும் ஒன்றன்று. கதையிலோ கவிதையிலோ ஒரு செடியின் பெயரைத் தவறாகப் பெயர்த்தால் நயம் குறையும், அவ்வளவே. உணவு, மருத்துவ நூல்களில் அப்பிழை படிப்பவரின் வயிற்றில் சென்று முடியும்.

கீரை என்னும் சொல்

தமிழில் தாவர வடிவத்தைக் குறிக்கும் பொதுச்சொற்கள் மரம், செடி, கொடி, புல், பூடு என்பன. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுத்து, அவற்றின் உறுப்புகளுக்குரிய பெயர்களையும் தனித்தனியே தருகிறது. இவை அனைத்தும் கண்ணால் காணும் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. கீரை என்னும் சொல் இவ்வரிசையில் சேராது. அகத்தி மரம், முருங்கையும் மரம், முடக்கத்தான் கொடி, பண்ணை செடி, பொன்னாங்கண்ணி தரையில் படர்வது. ஆயினும் அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, முடக்கத்தான் கீரை, பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணிக்கீரை என்று ஐந்தும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

ஆனால் வேப்பங்கீரை என்று ஒருவரும் சொல்வதில்லை. நொச்சிக்கீரை, ஆடாதோடைக்கீரை என்னும் தொடர்களும் வழக்கில் இல்லை. வேம்புக்கு இலை, ஆவிபிடிக்கும் நொச்சிக்குத் தழை. ஆடு மாடுகளுக்கு ஒடித்துப் போடுவதும் வயலில் உரமாக மிதிப்பதும் தழையே. இவை உண்ணப்படாதவை ஆகலின் கீரை ஆகவில்லை என்று கூறிவிடலாமா? கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் நாள்தோறும் சமையலில் சேர்வன. எனினும் முன்னது இலை. பின்னது பெரும்பான்மை வழக்கில் தழை. வெற்றிலையும் உண்ணப்படுவதே. ஆகவே உண்ணத்தக்கது என்பது மட்டும் கீரைக்கு இலக்கணமாகாது. அதுவே ஒரு கறியாகச் சமையத்தக்கது, சோற்றுக்குத் துணையாக அளவில் கூடுதலாகவே உண்ணத்தக்கது என்பதுதான் கீரை என்னும் சொல்லின் பொருட்கூறு. மணத்துக்குச் சிறிது சேர்ப்பதையும், மருந்துக்குச் சிறிது சேர்ப்பதையும் மொழி அப்பெயரால் அழைப்பதில்லை. ஒரு செடியின் பெயரோடு கீரை என்னும் சொல் இயல்பாக ஒட்டுகிறதா என்று பார்த்தாலே அது அடுக்களைக்கு உரியதா என்பதை அறிந்துகொள்ளலாம். பட்டியலின் ஐந்து பத்திகளும் சொல்லாத செய்தி இது.

கொழுந்து என்னும் சொல் மற்றொரு செய்தியைத் தருகிறது. வேப்பிலை கீரையாகாது, ஆயினும் வேப்பங்கொழுந்து வயிற்றுப் பூச்சிக்காகச் சிறிதளவு மெல்லப்படுகிறது. புளிய இலையை யாரும் சமைப்பதில்லை, புளியங்கொழுந்தைச் சமைப்பதுண்டு. இங்கே பெயரே பருவத்தைக் குறித்துவிடுகிறது. முற்றியபின் அதே மரத்தின் அதே உறுப்பு வேறு பெயர் பெற்று அடுக்களையிலிருந்து விலகிவிடுகிறது.

அண்டை மொழிகளோடு ஒப்பிட்டால் இவ்வமைப்பின் தனித்தன்மை விளங்கும். தெலுங்கில் 'ஆகு' என்பது இலை. 'கூர' என்பது கறி. தோட்டகூர, பாலகூர எனச் சமைப்பதற்குரியவை 'கூர' பெற, வேம்பும் கறிவேப்பிலையும் வேபாகு, கரிவேபாகு என 'ஆகு' பெறுகின்றன. தமிழின் இலை, கீரை என்னும் பாகுபாட்டோடு இது ஏறக்குறைய ஒத்துச் செல்கிறது. கன்னடம் அவ்வாறில்லை. அங்கே 'சொப்பு' என்னும் சொல் தண்டுக்கீரைக்கும் வழங்கும். வேப்பந்தழைக்கும் 'பேவின சொப்பு' என வழங்கும். கறிவேப்பிலை 'கரிபேவின சொப்பு', கொத்தமல்லி 'கொத்தம்பரி சொப்பு'. கன்னடம் வழங்கும் பகுதியில் குடியேறிய தமிழர் சந்தையில் முதல் சில நாள்கள் தடுமாறுவது இதனால்தான். கன்னட மருத்துவக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குபவர் 'சொப்பு' வருமிடமெல்லாம் கீரை என்று எழுதிவிட்டால், கசக்கிப் பூசவேண்டிய தழையை ஆக்கி உண்ணச் சொன்னவர் ஆவார். மலையாளத்தின் 'சீர' கீரை என்பதன் இனச்சொல்லே; எனினும் இனச்சொல் என்பதனாலேயே இரண்டும் ஒரே எல்லையுடையவை என்று கருதிவிடலாகாது.

மக்கள் வழக்கிலுள்ள தாவர வகைப்பாட்டை ஆராய்ந்த பிரெண்ட் பெர்லினும் அவர்தம் குழுவினரும், மெக்சிகோவின் செல்தால் மொழியை முதன்மைச் சான்றாகக் கொண்டு, மனிதர் தாவரங்களைப் பகுப்பது இயற்கையில் தெரியும் வடிவ வேறுபாடுகளைக் கொண்டே என்று 1973, 1974 ஆம் ஆண்டு வெளியீடுகளில் நிறுவ முயன்றனர். யூஜீன் ஹன் 1982இல் இதனை மறுத்து, பயன்பாடும் வகைப்பாட்டைத் தீர்மானிக்கும் காரணியே என்றார். அதற்கும் முன்னதாக ஹரால்ட் காங்க்லின் பிலிப்பைன்சின் ஹனுனூ மக்கள் 1,600க்கும் மேற்பட்ட தாவர வகைகளைப் பெயரிட்டு வேறுபடுத்துவதை 1954இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் காட்டியிருந்தார். தமிழ்ச் சான்றுகள் இவ்விவாதத்தில் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. மரம், கொடி என்பன பெர்லினுக்குத் துணை நிற்கின்றன. கீரை ஹன்னுக்குத் துணை நிற்கிறது. இரண்டு வகைப்பாடுகளும் ஒரே பேச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இயங்குகின்றன என்பதே பொருத்தம்.

நாயும் பேயும்

காட்டுத் தாவரப் பெயர்களில் வரும் அடைகளைத் தொகுத்து நோக்கினால் அவை தற்செயலாக அமைந்தவை அல்ல என்பது தெரியவரும். சிறு, பெரு, ஆனை என்பன அளவைக் குறிப்பன. நெருஞ்சி, ஆனைநெருஞ்சி என்னும் இணையில் காயின் பருமன் வேறுபாடு வெளிப்படை. தாவரவியலில் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தவை. நீர், மலை, நில என்பன இடத்தையும் வளரும் தன்மையையும் குறிப்பன. சீமை என்பது வெளியிலிருந்து வந்ததைக் காட்டுவது. இவற்றில் மொழிபெயர்ப்பாளருக்குப் பெரும் இடர்ப்பாடு இல்லை. கவனத்துக்குரியவை நாய், பேய் என்னும் இரண்டு.

நல்வேளை, நாய்வேளை என்னும் இணையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். முன்னது வெள்ளைப் பூவுடையது, கீரையாக உண்ணப்படுவது. பின்னது மஞ்சள் பூவும் பிசுபிசுப்பான மயிர்களும் உடையது. நாய்வேளைக்கு நாய்க்கடுகு என்னும் பெயரும் உண்டு. அதன் விதை கடுகைப் போலத் தாளிக்கப் பயன்படுவது. துளசிக்கு நாய்த்துளசி என்னும் இணை உண்டு. இவ்விடங்களில் நாய் என்னும் அடை நஞ்சைக் குறிக்கவில்லை. 'அதனைப் போன்றது, அதனினும் தாழ்ந்தது' என்னும் தரத்தைக் குறிக்கிறது. வேண்டுமானால் பயன்படுத்தலாம் என்னும் இசைவு அதில் மறைந்துள்ளது. (நாயுருவியை இக்கூட்டத்தில் சேர்க்கலாகாது. உருவி என்று தனியே ஒரு செடி இல்லாமையால் அங்கே நாய் தர அடையாக வரவில்லை.)

பேய் என்னும் அடை வரும் பெயர்களைப் பாருங்கள்: பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி. நான்கும் பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நான்கும் கடுங்கசப்பு உடையவை. அக்கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் என்னும் வேதிப்பொருள் தொகுதி அளவு மிகுந்தால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இரைப்பைக் குருதிக்கசிவும் உண்டாக்கவல்லது. வீட்டுச் சுரைக்கொடியிலும் சிற்சில வேளைகளில் கசப்புக் காய் தோன்றும். பச்சைச் சுரைக்காய்ச் சாறு உடல்நலத்துக்கு உகந்தது எனப் பரவிய வழக்கத்தால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு, கசக்கும் சாற்றை அருந்தவே கூடாது என்று 2012இல் வெளியான அறிக்கையில் எச்சரித்தது. கசப்புச் சுரையைப் பேய்ச்சுரை என்று பிரித்து வைத்த பேச்சுமொழி இதே எச்சரிக்கையை நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது.

அதனால் பேய் என்றால் தொடலாகாதது என்று முடிவு செய்வதும் பொருந்தாது. நிலவேம்புக் குடிநீரில் சேரும் 9 சரக்குகளுள் பேய்ப்புடலும் ஒன்று. பேய்க்கொம்மட்டியும் சித்த மருத்துவத்தில் இடம்பெறுவதே. எனவே பேய் என்னும் அடை ஒரு செடியை அடுக்களையிலிருந்து விலக்கி மருத்துவரின் கைக்கு மாற்றுகிறது எனலாம். அளவும் பக்குவமும் அறிந்தோர் கையாள வேண்டியது என்பதே அதன் குறிப்பு. பேயத்தி, பேய்க்கரும்பு போன்ற பெயர்களில் இப்பொருள் இவ்வளவு கூர்மையாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பூசணிக் குடும்பத்தில் விதி பிசகுவதாகத் தெரியவில்லை. பேய்மிரட்டியில் பேய் செயப்படுபொருள், அது வேறு.

ஆங்கில மொழிபெயர்ப்புகளில் காட்டு, நாய், பேய் ஆகிய மூன்றும் 'வைல்ட்' என்னும் ஒரே சொல்லாக மாறிவிடுவதைக் காண்கிறோம். தானே முளைத்தது, தரங்குறைந்தது, கசப்பு நஞ்சுடையது என்னும் மூன்று வேறு செய்திகள் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இயற்கை உணவில் நாட்டமுடைய வாசகருக்கு 'வைல்ட்' என்பது பரிந்துரையாகவே ஒலிக்கும் என்பது இதிலுள்ள கொடுமை.

தொகையில் மறைந்தது

இலக்கண நூலார் உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று ஒன்றை வகுத்தனர். தலைவலி மாத்திரை என்பது தலைவலியைப் போக்கும் மாத்திரை என விரியும். 'போக்கும்' என்பதைச் சொல்லிலிருந்து பெறுவதில்லை. உலகியல் அறிவிலிருந்து பெறுகிறோம். அவ்வறிவு இல்லாதவர் கையில் இத்தொகை எவ்வாறும் விரியும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குக்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். பூவைக் கண்வலிப்பூ என்பர். அதனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று சிறுவர்களைத் தடுப்பது ஊர்ப்புறங்களில் உள்ள வழக்கம். அஃதாவது கண்வலியைத் தரும் பூ. தலைவலி மாத்திரை என்னும் வாய்பாட்டைக் கொண்டு இதனை விரித்தால் கண்வலியைப் போக்கும் கிழங்கு என்றாகிவிடும். கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு நிறைந்த கிழங்கு இது. இதனைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு எனத் தவறாகக் கருதி உண்டு இறந்தோர் பற்றிய செய்திகள் இலங்கை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பெயரை எழுத்துக்கு எழுத்து பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் இத்தகைய இடத்தில் தொகையை விரிக்காமல் விடுவதும் தவறாக விரிப்பதும் ஒரே அளவு தீங்கானவை.

சிறுகுறிஞ்சானுக்கு வழங்கும் சர்க்கரைக்கொல்லி என்னும் பெயர் இதைவிட நுட்பமானது. இதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் இனிப்பு தெரியாது. மணலை மெல்வது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் தடுப்பதே காரணம். இந்தியில் இதற்குக் 'குட்மார்' என்று பெயர். 'குட்' என்பது வெல்லம், 'மார்' என்பது கொல்வது. இரு பெயர்களும் ஒரே நிகழ்ச்சியைக் கூறுவன. செடியை இனங்காண உதவும் ஒரு சோதனையும் ஆவன. ஆனால் இன்றைய பேச்சுத் தமிழில் சர்க்கரை என்பது நீரிழிவு நோய்க்கும் பெயராகிவிட்டது. 'அவருக்குச் சர்க்கரை இருக்கிறது' என்றால் வீட்டில் மளிகை இருப்பதை யாரும் நினைப்பதில்லை. இப்பொருள் விரிவுக்குப் பின் சர்க்கரைக்கொல்லி என்னும் பெயர் நோயைக் கொல்லும் மருந்து என்று படிக்கப்படுகிறது. பொடியாக்கி விற்போரும் அவ்வாறே படிக்கச் செய்கின்றனர். இந்திப் பெயருக்கு இந்நிலை நேரவில்லை, ஏனெனில் அங்கே வெல்லம் நோயின் பெயராகவில்லை. இச்செடி குருதிச் சர்க்கரையைக் குறைக்குமா என்பது தனியே ஆராயப்பட்டு வருவது. அதற்கு விடை பெயரில் இல்லை. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பெயரை நம்பி இப்பொடியை உண்பவர், தம்மை அறியாமலே ஒரு பொருண்மை மாற்றத்துக்கு ஆட்பட்டவர்.

தக்காளி பெற்ற ஏற்றம்

தென்னமெரிக்காவிலிருந்து வந்த தக்காளிக்கு முன்பே தக்காளி என்னும் சொல் தமிழில் இருந்தது. மணித்தக்காளி, சிறுதக்காளி எனச் சிறு உருண்டைக் கனி தரும் செடிகளுக்கு அது உரியதாயிருந்தது. புதிய கனி சீமைத்தக்காளி என்று அடையோடு நுழைந்தது. பிறகு அது அடுக்களையின் அரசாகி அடையைக் களைந்துவிட்டது. இன்று வெறும் தக்காளி என்றால் வந்தேறிய கனியே. பழைய உரிமையாளருக்கே அடை கட்டாயமாகிவிட்டது. விட்கோவ்ஸ்கி, பிரவுன் ஆகிய இருவரும் 1983இல் 'லாங்வேஜ்' இதழில் குறியேற்ற மாற்றம் என்று விளக்கியது இதுவே. செல்தால் மொழியில் மானுக்குரிய பெயரைச் செம்மறியாடு கைப்பற்றி, மான் 'காட்டு ஆடு' ஆன கதை அவர்கள் தந்த எடுத்துக்காட்டு. மணித்தக்காளி, மணத்தக்காளி, மிளகுதக்காளி, கொங்கு வட்டாரத்தில் சுக்குட்டி எனப் பல பெயர் பெறும் இக்கீரை இன்னும் வழக்கில் இருப்பது நற்பேறு.

இச்செடிக்கு ஆங்கிலத்தில் உள்ள பொதுப்பெயர் 'பிளாக் நைட்ஷேட்'. 'டெட்லி நைட்ஷேட்' என்பது பெல்லடோனா என்னும் கொடிய நச்சுச்செடிக்குரியது. பெயரின் பின்பாதி பொதுவாக இருப்பதால் ஆங்கில வாசகர் இரண்டையும் கலந்து அஞ்சுகின்றனர். தமிழ்ப் பெயர் உணவோடும் ஆங்கிலப் பெயர் நஞ்சோடும் உறவு கொண்டுள்ளன. இரண்டிலும் ஓரளவு உண்மை இல்லாமலில்லை; இதன் முதிராத பச்சைக்காயில் சொலனின் உண்டு. தமிழ் வழக்கில் இலையைச் சமைப்பர்; கனிந்த பழத்தை உண்பர்; பச்சைக்காயை உப்பு மோரில் ஊறவைத்து உலர்த்தி வற்றலாக்குவர்; பறித்த காயைப் பச்சையாக வாயிலிடுவதில்லை. இப்பக்குவங்களைக் கூறாமல் பெயரை மட்டும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் ஒரு புறம் வீண் அச்சமும் மறுபுறம் வீண் துணிவும் விளையும்.

கைவினையும் வினைச்சொல்லும்

பெயர் பாதி, வினை மறுபாதி. கீரையைக் கிள்ளுவர், தழையை ஒடிப்பர், பூவைக் கொய்வர் அல்லது பறிப்பர், கிழங்கை அகழ்வர், வேரோடு கொள்வதைப் பிடுங்குவர். கிள்ளுதல் என்பதில் நுனி மட்டும் எடுத்துச் செடியைத் தழைக்க விடுதல் என்னும் நெறி அடங்கியுள்ளது. புறநானூற்றின் 159ஆம் பாட்டில் வறிய மனைவி, முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் தளிர்த்த குப்பைக்கீரையின் முற்றாத தளிரைக் கொய்து, உப்பும் மோரும் இன்றி வேகவைக்கிறாள். சிறுபாணாற்றுப்படையின் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்க்க நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். நகத்தால் கிள்ளத்தக்க இளமையும் கொய்த கண்ணில் மீண்டும் துளிர்க்கும் இயல்பும் அப்புலவர்கள் அறிந்தவை. கதவடைத்த நாணமும் இவ்வறிவின் வரலாற்றில் ஒரு பகுதியே. இல்லாதவர் உணவு என்னும் இழிவினால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமல் விடப்பட்ட கீரைப் பெயர்கள் எத்தனையோ.

கிள்ளியபின் ஆய்வர். முற்றலையும் பூச்சியரித்ததையும் பிற செடியின் இலையையும் நீக்கித் தேர்வது ஆய்தல். நாம் நிகழ்த்தும் ஆய்வுக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய அடிச்சொல் அடுக்களையில் இன்றும் உயிரோடு இருப்பது நம் துறையினர்க்கு மகிழ்ச்சி தரலாம். காட்டுக்கீரையைப் பொறுத்தவரை இவ்வாய்தலே கடைசிக் காவல். ஒன்றோடொன்று பின்னி வளர்ந்த செடிகளில் தவறான இலை ஒன்று மடியில் விழுந்திருந்தால் அது நீக்கப்படுவது இங்கேதான். அதன்பின் கடைதல், மசித்தல், வதக்குதல், துவட்டல் எனப் பக்குவம் பிரியும். இலைக்கேற்ப வினை மாறும். கடையும் கீரையை வதக்கினால் சுவை கெடும் என்று சொல்லும் வீடுகள் உண்டு.

காறுதல் என்னும் வினை தனியே குறிப்பிடத்தக்கது. சேம்பு, கருணை போன்றவற்றில் ஊசி வடிவான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தொண்டையைக் குத்துவதால் எழும் உணர்வு காறல். உறைப்பும் துவர்ப்பும் கசப்பும் இதுவன்று. சித்த மருத்துவ நூல்களில் கருணை வகைகளைக் காறுங்கருணை, காறாக்கருணை என்று பிரிப்பர். எதிர்மறைப் பெயரெச்சம் ஒன்றே இங்கு வேறுபடுத்தும் உறுப்பு. ரகர றகர மயக்கத்தால் அச்சில் காராக்கருணை என வந்துவிட்டால் காரம் இல்லாதது என்று பொருள் மாறி, புளி சேர்த்து வேகவைக்க வேண்டும் என்னும் நினைவூட்டலும் மறைந்துவிடும். பிரண்டையை நறுக்குமுன் கையில் எண்ணெய் பூசிக்கொள்ளச் சொல்வதும் இதே படிகங்களுக்கு அஞ்சித்தான். ஆனால் அங்கே சொல் நமைச்சல். தொண்டைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று.

பெயர் கைவிடும் இடங்கள்

இதுவரை கூறியதைக் கொண்டு மக்கள் பெயர்கள் எப்போதும் நம்பத்தக்கவை என்று கொள்ளலாகாது. அவை ஒரு சிற்றெல்லைக்குள் துல்லியமானவை. எல்லை கடந்தால் தடுமாறுபவை.

கீழாநெல்லி நல்ல எடுத்துக்காட்டு. கீழ்க்காய்நெல்லி என்னும் வடிவம் பெயரின் காரணத்தைக் காட்டுகிறது: இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் காய்கள் தொங்கும். இணையாக மேலாநெல்லி என்று ஒன்றும் உண்டு. நெல்லி பெருமரம், இது சிறுபூண்டு. இரண்டையும் உறவாகக் கண்ட மக்கள் பெயரீடு வியப்புக்குரியது, ஏனெனில் லின்னேயசும் 1753இல் இவ்விரண்டையும் பைலாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கசில் மலையாளப் பெயர் 'கிர்கநெலி' என உருமாறி, பின்னர் கிர்கநெலியா என்னும் தாவரவியல் பெயராகவும் ஆயிற்று. இவ்வளவு பெருமை இருந்தும் கீழாநெல்லி என்னும் பெயர் பைலாந்தஸ் அமாரஸ், ஃபிரட்டர்னஸ், டெபிலிஸ் எனப் பல சிற்றினங்களுக்கும் பொதுவாக வழங்குகிறது. அவை நீண்ட காலம் இந்திய நூல்களில் பைலாந்தஸ் நிரூரி என்றே எழுதப்பட்டன. அஃதோ அமெரிக்காவுக்குரிய வேறு இனம் என்று 1985இல் தெளிவுபடுத்தப்பட்டது. இங்கே தடுமாறியது மக்கள் பெயர் மட்டுமன்று, தாவரவியல் பெயருந்தான்.

பிரமி என்பது தென்னாட்டில் நீர்ப்பிரமி. வடநாட்டில் பல இடங்களில் வல்லாரைக்கும் அதே பெயர். இந்தி நூலைத் தமிழாக்குபவர் எது என்று கேட்டறியாமல் எழுதலாகாது. மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் இடையே வடமொழிப் 'புனர்நவா' இதே குழப்பத்தை உண்டாக்கியுள்ளது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று இன்று பல வீடுகளில் தொட்டியில் வளர்க்கப்படுவது, வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட, இலை மூன்று மடலாகப் பிரிந்த மற்றொரு படர்செடி. பூ மஞ்சள், படரும் இயல்பு ஒன்று. பெயர் அதன்மேல் ஏறிக்கொண்டது. கீரை என்னும் ஒட்டும் பின்னாலேயே வந்துவிட்டது. நான் மேலே கூறிய கீரைச் சோதனை தோற்கும் இடம் இது: சந்தையும் நாற்றங்காலும் சூட்டிய பெயருக்கு அச்சோதனை செல்லாது, தலைமுறைகளாக உண்டு வந்த சமூகத்தின் பெயருக்கே செல்லும்.

அகராதிக்கும் மொழிபெயர்ப்புக்கும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) தாவரப் பெயர்களுக்குப் பூடுவகை, மரவகை, கொடிவகை எனத் தமிழிலும், தாவரவியல் பெயரோடு ஆங்கிலத்திலும் பொருள் தந்தது. அக்காலத்தில் அது பெரும்பணி. பின்வந்தோர் அதற்கு மேல் அதிகம் செல்லவில்லை. 2001இல் தொடங்கப்பட்ட மரபுசார் அறிவு மின்னூலகம் சித்த மருத்துவ நூற்செய்திகளையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய 5 மொழிகளுக்குப் பெயர்த்துள்ளது. தவறான காப்புரிமைகளைத் தடுப்பது அதன் நோக்கம். அந்நோக்கத்துக்குத் தாவரவியல் பெயர் போதும். சமைப்பவருக்கும் பறிப்பவருக்கும் அது போதாது.

களப்பணியில் தாவரப் பெயர்களைத் தொகுப்போர் பெயரோடு வேறு சிலவற்றையும் கேட்டுப் பதிதல் வேண்டும். அப்பெயரோடு கீரை ஒட்டுமா, தழை ஒட்டுமா, எந்த வினையால் பறிக்கின்றனர், எந்த வினையால் ஆக்குகின்றனர், எப்பருவத்தில் விலக்குகின்றனர், எந்தச் செடியோடு மயங்குவதாக அஞ்சுகின்றனர். கடைசி வினா பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. எடுத்துக்காட்டாக, நாய்வேளை என்னும் பதிவு இவ்வாறு அமையலாம்: 'தரிசிலும் சாலையோரத்திலும் மழைக்குப்பின் முளைக்கும் செடி, பூ மஞ்சள், தொட்டால் பிசுபிசுக்கும், நல்வேளையினின்று பூநிறத்தால் பிரித்தறிக, விதை கடுகு போலத் தாளிக்க உதவும், "நாய்" இங்குத் தரக்குறைவைச் சுட்டும், நஞ்சைச் சுட்டாது.' இப்பதிவை ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ கொண்டுசெல்பவர் பெயரை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொண்டு, தாவரவியல் பெயரை அருகில் தந்து, கடைசித் தொடரை விடாமல் பெயர்க்க வேண்டும். நல்வேளை, நாய்வேளை என்னும் இரு பெயர்களையும் பூவைக் காட்டிப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய வினாப்பட்டியலை உழவு மாதங்களிலேயே எடுத்துச் செல்வது நலம். கோடையில் காட்டுவதற்குச் செடி இராது.